இரண்டாவது மைக்

வாசகரே, இந்த வாரம் உங்களை ரசிகராக அழைக்கவில்லை; சாட்சியாக அழைக்கிறேன். முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அமருங்கள். கைதட்ட வேண்டாம். கண்டதைக் கண்டபடி நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கேட்டதைக் கேட்டபடி சொல்வதில் நான் எவ்வளவு நம்பத்தக்கவன் என்பது சற்று நேரத்தில் உங்களுக்கே விளங்கிவிடும்.

இடம், ஓசூர் தொழிற்பேட்டையின் ஓரத்தில் ஒரு டயர் கடை. அதன் மாடியில் எங்கள் சபை. நேரம், ஞாயிறு காலை. காலம், மாம்பழக் காலம். கீழே எவரோ லாரிச் சக்கரத்துக்குக் காற்றடிக்க, அந்த இரைச்சல் பாட்டின் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டிருந்தது.

மேடையில் இரண்டு மைக்குகள். இடப்பக்கத்து மைக்கில் மஞ்சுநாத் அண்ணன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இரும்பு உருக்கும் வார்ப்பாலையின் சூட்டில் காய்ப்பேறிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். வலப்பக்கத்து மைக்கில் நான், அவருடைய கன்னடத்தைத் தமிழாக்க.

மூன்றாம் வரிசையில் அவருடைய மாமனார் ஞானமுத்து. அவருக்குப் பக்கத்தில் அவர் மகள், மஞ்சுநாத்தின் மனைவி ஜெயசீலி அக்கா. அக்காவின் மடியில் ஐந்து வயது மெர்சி. ஞானமுத்துவின் கால்களுக்கு நடுவே ஒரு மூங்கில் கூடை. உள்ளே மாம்பழங்கள், மேலே சாக்குத்துணி போட்டு, சணல் கயிற்றால் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது.

அந்தத் தையல் பிரிக்கப்படுமா, அல்லது கூடையும் மகளும் பேத்தியும் வந்தபடியே ஞானமுத்துவின் ஊரான சாமல்பட்டிக்குத் திரும்புவார்களா? அன்றைய வழக்கு அதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை

வழக்கின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சுநாத், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்துக்காரர். ஜெயசீலி அக்காவைத் திருமணம் செய்து ஓசூரில் வாடகை வீட்டில் குடியிருந்தவர். அக்கா நான்கு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். போனவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் திரும்பவில்லை. சண்டை இல்லை, கடிதம் இல்லை. தும்கூர்ப் பக்கம் எங்கோ குடியும் கூட்டாளிகளுமாக இருந்தார் என்பது பின்னாளில் தெரிந்தது.

அக்கா தகப்பன் வீட்டுக்குப் போனார். போச்சம்பள்ளியில் காலணி தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தார். கம்பெனிப் பேருந்தில் போவதும் வருவதுமாகக் குழந்தையை வளர்த்தார். சாமல்பட்டி ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருமண நாள் வரும் வாரத்தில் கணவன் மனைவி பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், போதகர் அதை வாசித்து ஸ்தோத்திர ஜெபம் செய்வார். ஆண்டு தவறாமல் அக்கா சீட்டு கொடுத்தார். ‘மஞ்சுநாத் – ஜெயசீலி’ என்று போதகர் வாசிக்கும்போதெல்லாம் ஞானமுத்து எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பாராம்.

சென்ற ஆண்டு மஞ்சுநாத் ஓசூருக்குத் திரும்பினார். எங்கள் சபையின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். குடியை விட்டார். பழைய வார்ப்பாலையிலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்துக்குப் போய், அக்காவையும் குழந்தையையும் பார்த்துவிட்டு வருவார். ஓராண்டுக்குப் பிறகு அக்கா முடிவெடுத்தார்: “சேர்ந்து இருக்கலாம்.”

ஞானமுத்து ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். மாப்பிள்ளை சபை நடுவே எழுந்து, செய்ததைச் சொல்ல வேண்டும். அதிலும் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வயிற்றில் குழந்தை இருப்பது தெரிந்து போனானா, தெரியாமல் போனானா? இத்தனை ஆண்டுகளாக மகளிடம் அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். மகள் ஒருமுறையும் பதில் சொன்னதில்லை.

“அத அவரு வாயால கேட்டுக்கங்கப்பா” என்பாராம்.

பொய் சொல்லாத மொழி

டயர் கடை எதிரே உள்ள டீக்கடையில்தான் மஞ்சுநாத் என்னைப் பிடித்தார்.

“பிரதர், நான் கன்னடத்துல பேசறேன். நீங்க தமிழ்ல சொல்லணும்.”

“அண்ணே, உங்களுக்குத்தான் தமிழ் வருமே?”

“வரும். அதான் பிரச்சன. எங்க மாமனார்கிட்ட தமிழ்ல நெறய பொய் சொல்லிட்டேன். ‘நாளைக்கு வர்றேம்ப்பா, குடிக்கலப்பா, ஓவர்டைம்ப்பா.’ எல்லாம் தமிழ்தான். கன்னடத்துல அவர்கிட்ட ஒரு பொய்கூட இன்னும் சொல்லல.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் சொன்னத மட்டும் சொல்லுங்க பிரதர். கூட்ட வேணாம், கொறைக்க வேணாம்.”

“வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே” என்றேன். வலக்கையை நெஞ்சில் வைத்தும் காட்டினேன். மேடைப் பழக்கம்.

கோப்பைகள் பற்றி ஒரு குறுக்கீடு

சென்ற வாரங்களில் இந்தப் பத்தியில் என் பேச்சுப் போட்டிக் கோப்பைகளைப் பற்றி எழுதியிருந்தேன். ஓசூரில் தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை நான் வென்றவை பன்னிரண்டு. அவற்றில் மிகப் பெரியதில் என் தாயார் பெருங்காயக் கட்டியைப் போட்டு வைத்திருக்கிறார். அதை எழுதாமல் விட்டிருந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

எழுதாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. அந்தக் கோப்பைகளில் கடைசி ஐந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் வென்றவை.

எங்கள் சபையில் பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் தமிழ். இரண்டுக்கும் இடையில் தெலுங்கு பேசும் நான்கைந்து குடும்பங்கள் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டும். பாஸ்டர் பிரபாகர் கன்னடத்தில் ஒரு வரி சொல்வார். மொழிபெயர்ப்பவர் தமிழில் ஒரு வரி சொல்வார். கல்லூரி முடித்த கையோடு அந்தப் பணியை நான் ஏற்றேன். “ஞாயிறு தவறமாட்டேன்” என்று சபை முன் சொல்லித்தான் ஏற்றேன்.

பிறகு போட்டி அழைப்புகள் வந்தன. முதல் ஞாயிறு ‘காய்ச்சல்’ என்றேன். இரண்டாம் ஞாயிறு ‘அவசர வேலை’ என்றேன். மூன்றாம் ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே எட்டு மாதங்கள் ஓடின. மஞ்சுநாத் அண்ணன் கேட்டிராவிட்டால் அன்றும் வந்திருக்கமாட்டேன். உண்மையைச் சொன்னால், அவருக்காகவும் வரவில்லை. கண்ணீரும் குடும்பமும் கலந்த நிகழ்ச்சி. பேச்சாளனுக்கு இதைவிட வாய்ப்பான மேடை ஏது? கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, என்னை நோக்கிப் படம் பிடிக்க விட்டிருந்தேன்.

அந்தக் காணொளி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பின்வருவதை எழுதுகிறேன்.

சூறாவளி

மஞ்சுநாத் தொண்டையைச் செருமினார். மூன்றாம் வரிசையைப் பார்த்தார்.

“நன்ன ஹெண்ட்தீன பிட்டு ஹோதெ.”

என் மனைவியை விட்டுவிட்டுப் போனேன் என்பது அதன் பொருள். ஒரு சிறுகுழந்தையும் தமிழில் சொல்லிவிடலாம். நானோ ஒலிவாங்கியை நெருங்கி, குரலைத் தாழ்த்தி, பின் உயர்த்தினேன்.

“வாழ்க்கை என்னும் பெருங்கடலில், சூழ்நிலை என்னும் சூறாவளி, என்னையும் என் இல்லத்தரசியையும் இரு கரைகளில் வீசிற்று!”

பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். மஞ்சுநாத் அதைக் கேட்டுத் தெம்படைந்தார். டீக்கடைத் தமிழ் அறிந்த அவருக்கு என் மேடைத் தமிழ் எட்டவில்லை. கைதட்டல் கேட்டதால், நல்லபடியாகத்தான் போகிறது என்று நம்பிவிட்டார்.

அடுத்த வரியில் அவர் சொன்னது, யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை என்பது. நான் சொன்னது, “சோதனைச் சுழலின் கொடுங்கரங்கள் என்னை இழுத்துச் சென்றன!”

மூன்றாவதாக, அவள் நான்கு மாதக் கர்ப்பிணி என்றார். நிறுத்தினார். தலை குனிந்தார். பிறகு மூச்சுக்குள் சொன்னார்.

“நனகெ கொத்தித்து.”

எனக்குத் தெரியும் என்று பொருள். ஞானமுத்து ஐந்தாண்டுகளாகக் காத்திருந்த சொல் அது.

சாட்சியே, இங்கே கவனியுங்கள். அந்தச் சொல்லை நான் விழுங்கினேன். இவ்வளவு குரூரமான ஒன்றை ஒரு தகப்பன் காதில் போடலாமா என்று நினைத்தேன். எழும்பிக்கொண்டிருந்த என் உரையின் ஓட்டத்துக்கும் அது தடையாகத் தெரிந்தது. “மலரவிருந்த மொட்டொன்று அப்போது அந்த இல்லத்தில் காத்திருந்தது!” என்று முடித்து, கைதட்டலுக்காக இடைவெளி விட்டேன்.

கைதட்டல் வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் வந்தது.

சாமல்பட்டி கேட்

ஞானமுத்து எழுந்து நின்றார்.

“போதும் தம்பி.”

“ஐயா, இன்னும் முடியவில்லை…”

“அவன் மூணு வார்த்த சொன்னா நீ முப்பது சொல்ற. சூறாவளின்ற, சுழலுன்ற. புயலடிச்சா இவன் வீட்ட வுட்டுப் போனான்? அதுக்கு மறுநாள் எம்பொண்ணு சாமான ஏத்துனவன் நான். இந்த ஓசூர்ல அன்னிக்கித் தூறல்கூட இல்ல.”

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“நான் லெவல் கிராசிங்ல கேட் கீப்பரா இருந்தவன் தம்பி. ஸ்டேஷன்லருந்து போன்ல ஒண்ணு சொன்னா, அத அப்படியே திருப்பிச் சொல்லணும். ஒரு எழுத்து கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. அழகா சொன்னேன்னு எவனும் மெடல் குத்த மாட்டான். அழகா சொன்னா ஆள் மேல வண்டி ஏறிரும்.”

குனிந்து கூடையின் காதைப் பிடித்தார்.

“எந்திரிம்மா ஜெயா. இவன் மாறல. அன்னிக்கி ஓவர்டைமுன்னான், இன்னிக்கி சூறாவளின்றான். மதியம் வண்டியப் புடிச்சா பொழுதோட வீட்டுக்குப் போயிரலாம்.”

மேடையில் மஞ்சுநாத்தின் முகம் வெளிறியது. என்ன நடந்ததென்று அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். வாசகரே, பன்னிரண்டு கோப்பைகள் வாங்கிய வாய் அது. அது மைக்கை ஊதிப் பார்த்தது.

ஜெயசீலி அக்கா எழுந்தார். ஆனால் வாசலை நோக்கி நடக்கவில்லை. மெர்சியைத் தூக்கினார்.

“அப்பா, உக்காருங்க.”

“எதுக்கு?”

“புள்ளயப் புடிங்க.”

நின்றபடி பேத்தியை எவ்வளவு நேரம் ஏந்துவது? ஞானமுத்து உட்கார்ந்தார். குழந்தை மடியில் ஏறியதும் கூடையின் காதைப் பிடித்திருந்த கையும் விலகிற்று. அக்கா அதைத் திட்டமிட்டுத்தான் செய்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

“அவரு சொன்னது வேறப்பா. இந்தத் தம்பி சொன்னது வேற” என்றார். மேடையேறி என் முன்னால் கையை நீட்டினார். “குடுங்க தம்பி.”

கொடுத்தேன்.

‘நான்’

மொழிபெயர்ப்புக்கு ஒரு விதி உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று விலகி நிற்கக்கூடாது. அந்த விதிக்கு இவ்வளவு கனம் உண்டென்று அதுவரை நான் அறிந்ததில்லை.

மஞ்சுநாத் கன்னடத்தில் ஏதோ முனகினார். ‘நீயா?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

“நான்தான். மொதல்லருந்து சொல்லுங்க” என்று அக்காவும் கன்னடத்தில் சொன்னார்.

அவர் முதல் வரியைச் சொன்னார். அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“நான் என் பொண்டாட்டிய விட்டுட்டுப் போனேன்.”

கீழே காற்றடிக்கும் சத்தம்கூட நின்றிருந்தது.

“யாரும் என்னப் போகச் சொல்லல.”

மெர்சி தாத்தாவின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அவ நாலு மாசமா இருந்தா.”

மஞ்சுநாத் நின்றுவிட்டார். அக்கா காத்திருந்தார். முழங்கையால் அவரை மெல்ல இடித்தார். அந்தச் சொல் வந்தது. அக்கா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

விட்டுப்போனவன் செய்த குற்றத்தை, விடப்பட்டவள் ‘நான்’ என்று சொல்லித் தன் வாயில் சுமந்து, அவன் பக்கத்திலேயே நின்றாள். இறைவனின் மாறாத உண்மையைப் பற்றி நான் எத்தனையோ ஞாயிறுகள் மொழிபெயர்த்திருக்கிறேன், உவமைகள் அடுக்கியிருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். தவறியவர்கள் நாம். ஆனால் நம் கர்த்தர் தூரத்தில் நின்று ‘அவன் செய்தான்’ என்று சுட்டவில்லை. நம் இடத்தில் வந்து நின்று, நம் குற்றத்தைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டார். அக்கா ஒரு மனுஷிதான். களைப்பும் கோபமும் உள்ளவர். அவர் வழியாக அன்று எங்களுக்குத் தெரிந்த வெளிச்சம் அவரைவிடப் பழையது.

மஞ்சுநாத் அடுத்த வரியைச் சொன்னார். அக்கா மைக்கை இறக்கிவிட்டார்.

“இத நான் சொல்ல மாட்டேன்.”

“ஏம்மா?” என்றார் பாஸ்டர்.

“என்னப் பத்தி நல்லதா சொல்றாரு. என்னய நானே மெச்சிக்கணுமா? கூச்சமா இருக்குது பாஸ்டர்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, இத நீங்க சொல்லுங்க. ஒரே வரி. சூறாவளி வேணாம்.”

சபை வெடித்துச் சிரித்தது. மைக் என் கைக்குத் திரும்பி வந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் அந்தக் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தவன் கைக்கு! நான் மஞ்சுநாத்தின் கன்னடத்தை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“இவ என் பேர விடல.”

என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு அது.

ஞானமுத்து மெர்சியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேடையருகே வந்தார். மைக் எதுவும் இல்லாமல் கேட்டார்.

“மாப்ள, திருப்பிச் சொல்லு. தெரிஞ்சா போன?”

மஞ்சுநாத் எவர் துணையுமின்றித் தமிழில் சொன்னார். “தெரிஞ்சுதாம்ப்பா போனேன்.”

முதியவர் பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்ப சரி. இன்னும் மன்னிக்கல. ஆனா கேட்டத் தொறந்துட்டேன். வந்து சேரு.”

அவரே கூடையிடம் போய், சாவிமுனையால் சணல் தையலைப் பிரித்தார். செந்தூரா மாம்பழத்தின் வாசம் மாடி முழுவதும் பரவிற்று. முதல் பழத்தை மாப்பிள்ளை கையில் வைத்தார். பாஸ்டர் அவசரமாக, “முதல்ல ஆமென், அப்பறம் மாம்பழம்!” என்று கத்தினார். பாதி சபை இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிட்டது.

எட்டு மாதம்

மாடிப்படியில் அமர்ந்து எல்லோரும் தோலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். முழங்கை வரை சாறு. பாஸ்டர் பிரபாகர் எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் ஆவதற்கு முன் லேத்து மெஷினில் வேலை பார்த்தவர். எதையும் சுற்றி வளைக்கமாட்டார்.

“பாஸ்டர், என்னை நீக்கிவிடுங்கள்” என்றேன்.

“நீக்கணும்னா நீ வரணுமல்லப்பா? எட்டு மாசமா நீ எங்க வந்தெ?”

“அந்த எட்டு மாதமும் யார் மொழிபெயர்த்தார்கள்?”

“நானேதான். என் மைக்குல கன்னட சொல்வேன். ரெண்டு அடி நடந்து உன் மைக்குல தமிழ் சொல்வேன். மறுபடி ரெண்டு அடி. நல்ல எக்ஸர்சைஸ். சுகர் கொறஞ்சிருக்கு.”

“ஒரே மைக்கில் இரண்டையும் சொல்லியிருக்கலாமே?”

அவர் மாங்கொட்டையைச் சூப்பிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அது உன் மைக் அல்லவா? எடுத்துட்டா, நீ வர்ற அன்னிக்கு உனக்கு இடம் இல்லேன்னு நெனப்பே. அதனால ஒவ்வொரு ஞாயிறும் வெச்சேன். பேட்டரி மாத்தினேன். ‘ஹலோ, ஹலோ’ டெஸ்ட்டும் பண்ணினேன்.”

நான் காய்ச்சல் என்று பொய் சொன்ன ஞாயிறும் அந்த மைக் அங்கே நின்றிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் போன ஞாயிறும் நின்றிருக்கிறது. கிருஷ்ணகிரியில் நான் கோப்பையை உயர்த்திப் பிடித்த நேரத்தில், இங்கே ஒரு மனிதர் ஆளில்லாத மைக்கில் ‘ஹலோ’ சொல்லிப் பார்த்திருக்கிறார். என் சொல்லை நான் விட்டுவிட்டேன். எனக்கான இடம் என்னை விடவில்லை. அந்தப் பொறுமையைப் பாஸ்டர் எவரிடம் கற்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். சதை தீர்ந்த தோலையே மறுபடி மறுபடி கடித்துக்கொண்டிருந்தேன். துக்கம் அல்ல. சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

பாஸ்டர் எழுந்து கையைத் தட்டினார். “எல்லாரும் கேளுங்க! அடுத்த ஞாயிறும் தமிழுக்கு இவன்தான்.”

“மறுபடி இவனா?” என்றார் ஞானமுத்து. அவர் மீசையில் மாம்பழ நார் ஒட்டியிருந்தது.

“நான் ஒரு வாக்கு கொடுக்க விரும்புகிறேன்” என்று எழுந்தேன். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. “மாண்புமிகு பாஸ்டர் அவர்களே, என் பேரன்புக்குரிய சபையோரே, எல்லையிலே பிறந்து, எல்லையில்லாத…”

“தம்பி” என்றார் ஞானமுத்து.

படிக்கட்டே குலுங்கச் சிரித்தது. மஞ்சுநாத் அண்ணன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் தோளில் ஏறியிருந்த மெர்சி, எதற்கென்று தெரியாமலே எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.

நெஞ்சிலிருந்த கையை எடுத்தேன். சாறு சட்டையில் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. இனித் தவறவே மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அது என்ன ஆயிற்று என்பதும் இந்தச் சபைக்குத் தெரியும். ஆகவே என்னால் உண்மையாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். பாதிப் பேருக்காக ஜெயசீலி அக்கா அதைக் கன்னடத்தில் சொன்னார்; கூட்டாமல், குறைக்காமல்.

ஞானமுத்து விரலைத் துடைத்துக்கொண்டு, “திருப்பிச் சொல்லு” என்றார்.

திருப்பிச் சொன்னேன்:

“கேட்டதை மட்டும் சொல்வேன். தவறினால், ஒளிய மாட்டேன். திரும்பி இந்த மைக்குக்கே வருவேன்.”